ஏரியில் தொலைந்த இங்கிலீஷ்

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர், குளிர்காலம் முழுக்கக் கராஜில் கிடந்த பழைய புல்வெட்டும் மிஷினை வெளியே உருட்டிக்கொண்டு வந்தார். கயிற்றைப் பிடித்து இழுத்தார். உறுமிவிட்டு அணைந்தது. மறுபடியும் இழுத்தார். பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்து கருகும் அந்த நீலப் புகை வேலியைத் தாண்டி வந்து, காபியோடு பின்வாசல் படியில் நின்றிருந்த என்னைச் சுற்றிக்கொண்டது. டம்ளரை அப்படியே படியில் வைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

"என்ன ஆச்சு?" என்றாள் என் மனைவி.

"ஒண்ணுமில்ல, புகை."

அவளுக்கு உன்னைத் தெரியாது. நீ போன பிறகு என் வாழ்க்கைக்குள் வந்தவள். உன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் விட்டுவிடுகிறேன். உனக்கென்றால் முன்கதை சொல்ல வேண்டியதில்லை. அதனால் உன்னிடமே பேசுகிறேன்.

நான் நியூஜெர்சியில் எடிசனுக்கு வந்து சேர்ந்த புதிதில், நான் இருந்த அபார்ட்மென்டிலேயே மேல் மாடியில் நீ இருந்தாய். நீயும் உன் மனைவி செல்வியும் அம்பாசமுத்திரத்துக்காரர்கள், நான் மெட்ராஸ். ஒரே ஆபீஸ் என்பதால் உன் காரில்தான் தினமும் போய் வருவேன். உன் பெண் காவ்யாவுக்கு அப்போது ஆறு வயது. அவளுக்குப் பேச்சு கொஞ்சம் தாமதமாக வந்ததாம். டேகேரில் ஒரு டீச்சர், வீட்டில் இரண்டு மொழி பேசினால் குழந்தை குழம்பிவிடும், இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்று சொல்லிவிட்டார். செல்விக்கு அது முடியவில்லை. அவள் பாட்டுக்குத் தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசிக்கொண்டிருந்தாள். நீ மட்டும் சொன்ன சொல் தவறாமல் அன்றிலிருந்து மகளோடு இங்கிலீஷ்தான்.

உன் இங்கிலீஷ் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும். ஒரு சுருக்கம் இருக்காது, ஒரு தப்பு இருக்காது. "காவ்யா, ஹேவ் யூ கம்ப்ளீட்டட் யுவர் ஹோம்வொர்க்?" என்று கேட்பாய். அவளும் மரியாதையாக "எஸ், டாடி" என்பாள். அடுத்த நிமிஷம் என் பக்கம் திரும்பி, "ஏலே, உங்க ஊர்ல காப்பித்தூளை டப்பாவுல போடுவாங்களா, இல்ல நினைச்சிக்கிட்டே வெந்நி குடிப்பாங்களால?" என்பாய், நான் போட்டுக் கொடுத்த காபியைப் பார்த்து. சமையலறையில் செல்வி சிரிப்பது கேட்கும். காவ்யா நம் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

மீன் பிடிக்கப் போகலாம் என்று நீ முதலில் சொன்னபோது நான் முட்டைகூடச் சாப்பிடாதவன் என்று நினைவூட்டினேன்.

"நீ மீனத் திங்காண்டாம். தொடவும் வேண்டாம். போட்ல சும்மா உக்காந்து தயிர்சாதம் தின்னு. பேச்சுத்துணைக்கு ஆள் வேணும்லா?"

அப்படித்தான் ஹொபட்காங் ஏரிக்கு வந்தேன். எடிசனிலிருந்து ஒரு மணி நேர டிரைவ். கரையில் படகு வாடகைக்கு விடும் கடையிலேயே தூண்டிலும் புழுவும் விற்றார்கள். இப்போது என்ன மீன் கிடைக்கும் என்று நீ உன் இஸ்திரி போட்ட இங்கிலீஷில் கேட்டாய். கடைக்காரக் கிழவர் சுருக்கமாக "வால்ஐ" என்று ஒரு மீனின் பெயரைச் சொன்னார். உனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கேட்டியாலே? மீனை 'வாலே, வாலே'ன்னு கூப்பிடுதாரு! அப்படிக் கூப்பிட்டா அது வராம என்ன செய்யும்? நம்மூர் மீனுல்லா இது!"

கடைக்காரர் என்ன என்று புருவத்தை உயர்த்தினார். நீ நிமிர்ந்து நின்று, "இட் இஸ் எ வெரி நைஸ் ஃபிஷ், சார்" என்றாய்.

அந்த மீனைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் போகப்போகத் தெரிந்துகொண்டதுதான். அதன் கண் பால் கலந்த கண்ணாடிபோல இருக்கும். வெளிச்சம் ஆகாது. அதனால் பகலெல்லாம் ஆழத்தில் கிடந்துவிட்டு, வெயில் தாழும்போதுதான் கரையோரப் பாறைகளைத் தேடி மேலே வரும். வசந்தத்தில் முட்டையிட்டு முடித்துப் பசியோடு திரியும் நாட்கள்தான் பிடிக்கத் தோதானவை. மே மாதம் பிறந்தால்தான் பிடிக்க அனுமதி. ஈயக் குண்டு வைத்த தூண்டில்முள்ளில் புழுவைக் கோத்து, அடி மண்ணைத் தொடும்வரை இறக்கி, ஒரு முழம் தூக்கி, மறுபடி இறக்க வேண்டும். "அது கடிக்கதே தெரியாதுல," என்பாய். "ஈரத்துணி மாட்டுன மாதிரி இருக்கும். அவ்வளவுதான்." நான் முன்பக்கத்தில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவேன். மீன் மாட்டினால் வலையை நீட்டுவேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நான்கு வசந்தங்கள் அப்படிப் போயின. ஐந்தாவது வசந்தத்தில், தொண்ணூற்றேழு மே மாதத்து சனிக்கிழமை ஒன்றில், காலையில் தூறிக்கொண்டிருந்த மழை மத்தியானம் வெளுத்தது. காவ்யாவுக்கு அன்று தோழி வீட்டுப் பிறந்தநாள். வாசலில் நின்று, "பிரிங் மீ எ பிக் ஒன், டாடி" என்றாள். "ஐ வில் ட்ரை மை பெஸ்ட்" என்றாய், மானேஜரிடம் சொல்வதுபோல.

சாயங்காலம் பாறைகள் நீருக்குள் இறங்கும் முனைக்கு அப்பால் மோட்டாரை அணைத்தாய். நீ பின்னால் மோட்டார் பக்கம், நான் முன்னால். தண்ணீரில் இன்னும் குளிர்காலம் பாக்கியிருந்தது. விரலை நனைத்தால் எலும்புவரை வலித்தது. தூரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ப் படகுகள். நீ யாரையோ பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாய். என்ன சொன்னாய் என்பதை எத்தனையோ முறை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்துவிட்டேன். வரவில்லை. திடீரென்று பேச்சை நிறுத்தி, "மாட்டிருக்குல. வலையை எடு" என்றாய்.

நான் வலையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். தூண்டில்கழி உன் கையிலிருந்து நழுவி, படகின் விளிம்பில் தட்டி நின்றது. நீ அதைப் பிடிக்கவில்லை. உன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாய், யாரோ உன் மடியில் மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல.

"என்னடா, மீனை விட்டுட்ட?" என்று சிரித்தேன்.

நீ பதில் சொன்னாய். அது தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. உன் முகத்தின் ஒரு பக்கம் என்னைப் பார்த்தது. மறுபக்கம் எதையும் பார்க்கவில்லை. கழி மட்டும் தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரே வெட்டில் விளிம்பைத் தாண்டித் தண்ணீருக்குள் போயிற்று.

படகு ஆட ஆட உன்னிடம் வந்து, உன்னைப் பிடித்துக் கீழே சாய்த்துப் படுக்க வைத்தேன். பிறகு மோட்டார் கயிற்றை இழுத்தேன். உறுமிவிட்டு அணைந்தது. மறுபடி இழுத்தேன். பெட்ரோல் நாற்றமும் நீலப் புகையும்தான் வந்தன. நீ ஒரே இழுப்பில் கிளப்புவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்த்தது ஒன்றும் என் கைக்கு வரவில்லை. அப்போது உன் இடது கை மெல்ல எழுந்து மோட்டாரைச் சுட்டியது. எதையோ சொல்ல வந்தாய். "ப... ப..." என்றாய்.

"எது? எதுடா? இதுவா?"

ஒரு குமிழைத் தொட்டேன். இல்லை என்றது உன் கண். பெட்ரோல் குழாயைத் தொட்டேன். இல்லை. அந்த மோட்டாரில் கைபடும் இடமெல்லாம் தொட்டுத் தொட்டு உன் முகத்தைப் பார்த்தேன். உனக்குத் தெரிந்திருந்தது. என்ன செய்தால் அது கிளம்பும் என்பது உனக்குள்ளே முழுசாக இருந்தது. கைகள் என்னிடம் இருந்தன. நடுவில் ஒரு சொல் இல்லை.

துடுப்பை எடுத்தேன். காற்று கரையிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. நான் போட்ட ஒவ்வொரு துடுப்புக்கும் அது நம்மை ஏரி நடுவே தள்ளியது. எழுந்து நின்று தூரத்துப் படகுக்குக் கையை ஆட்டினேன். அதிலிருந்தவர் பதிலுக்குக் கையை ஆட்டினார். அந்த ஏரியில் கையை ஆட்டினால் 'சௌக்கியமா' என்று அர்த்தம். கத்தினேன். காற்று என் குரலை எனக்குப் பின்னால் கொண்டுபோனது. மீன்வலையைத் தூக்கி ஆட்டினேன். இன்னொரு படகில் இருந்தவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார், பெரிய மீன் பிடித்துவிட்டோம் என்று நினைத்து.

வயதான தம்பதி ஒன்று தங்கள் படகைத் திருப்பிக்கொண்டு வந்தது. அந்த அம்மாள்தான் கணவரிடம் சொன்னாளாம்: வலையை அப்படி ஆட்டுகிறானே, அதில் மீனே இல்லையே என்று. அவர்கள் நம் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு கரைக்குப் போகும்வரை, உன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லடா, ஒண்ணும் இல்லடா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரிக்குச் செல்வியும் காவ்யாவும் வந்தார்கள். பிறந்தநாள் வீட்டில் யாரோ காவ்யாவின் கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி வரைந்துவிட்டிருந்தார்கள். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது, வலது பக்கமும் பேச்சும் போயிருக்கிறது, எவ்வளவு திரும்ப வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். காவ்யா கட்டிலருகே போய், "டாடி, இட்ஸ் மீ" என்றாள். நீ அவளைப் பார்த்தாய். அடையாளம் தெரிந்துதான் பார்த்தாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவள் பேசியதை, சத்தம் குறைத்த டி.வி.யைப் பார்ப்பதுபோலப் பார்த்தாய்.

கோடை பிறக்கும்போது உனக்குப் பேச்சு வர ஆரம்பித்தது. முதல் சொல் "தண்ணி". செல்வி தண்ணீர் கொண்டுவர மறந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடுத்தடுத்து "வலி", "பொறு", "எங்கன". பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் நல்லவள், பொறுமைசாலி. ஒரு படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டாள். நீ வெகுநேரம் போராடி, நெற்றியில் வியர்வை பூக்க, "சாவி" என்றாய்.

அவள் திரும்பி என்னைப் பார்த்து, அது ஒரு வார்த்தையா என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"ஆமாம். அதுதான் வார்த்தை" என்றேன்.

வாரங்கள் போகப்போக அவளுக்கும் எங்களுக்கும் விஷயம் புரிந்தது. உனக்குத் திரும்ப வருவது தமிழ் மட்டும்தான், அதுவும் துண்டு துண்டாக. இங்கிலீஷ் ஒரு சொல்கூட வரவில்லை. பிறர் பேசினாலும் உனக்கு ஏறவில்லை. சிலருக்கு இப்படி ஆகும், பின்னால் கற்ற மொழி போய்விடும், முதலில் கற்றது நிற்கும், சிலருக்கு அதற்கு நேர்மாறாகவும் ஆகும், ஏன் என்று யாராலும் சொல்ல முடியாது என்றாள் அந்தப் பெண். இங்கிலீஷ் திரும்ப வருமா என்று கேட்டேன். வரலாம் என்று சொல்லும்போது அவள் தன் பையை மூடிக்கொண்டிருந்தாள்.

அம்பாசமுத்திரத்தில் இருந்திருந்தால் நீ அரைகுறையாகப் பேசும் மனிதன், அவ்வளவுதான். இங்கே, உன் சொந்த வீட்டில், உன் மகளுக்கும் உனக்கும் இடையில் ஒரு மொழிகூட மிச்சமில்லை. அவளுக்குத் தமிழ் காதில் விழுந்திருக்கிறது. 'சாப்பிடு', 'தூங்கு', 'செருப்பைக் கழட்டு' எல்லாம் தெரியும், ஆனால் அவையெல்லாம் அம்மாவின் குரலில் தெரிந்தவை. நீ அவளிடம் ஒருநாளும் தமிழ் பேசியதில்லை. இப்போது உடைந்த தமிழில் நீ பேசியதை, அவளுக்கு வேறு ஏதோ மனிதர் பேசுவதுபோலத்தான் கேட்டது.

நான் தினமும் ஆபீஸ் விட்டதும் வருவேன். செல்வி வேலையிலிருந்து திரும்ப நேரமாகும். ஒருநாள் காவ்யா பள்ளிக்கூட நாடகத்தில் பெரிய வேஷம் கிடைத்திருக்கிறது என்று ஓடிவந்தாள். உன் முன்னால் நின்று மூச்சுவிடாமல் சொன்னாள். நீ என்னைப் பார்த்தாய். நான் தமிழில் சொன்னேன். உன் கண் நிறைந்தது. இடது கையை அவள் பக்கம் நீட்டி, என்னிடம் சொன்னாய்:

"அவகிட்ட சொல்லுல... நான்... நான்..."

அதற்கு மேல் வரவில்லை. கை காற்றை அழுத்தி அழுத்திப் பார்த்தது. "நான்... நான்..."

காவ்யா என் முகத்தைப் பார்த்தாள். "வாட், அங்கிள்? வாட் டஸ் ஹி வான்ட் டு டெல் மீ?"

அந்த இடத்தில் எதைச் சொல்லியிருந்தாலும் பொருந்தியிருக்கும். பெருமைப்படுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பார்க்க வருகிறேன் என்று, வர முடியவில்லையே என்று, எதை வேண்டுமானாலும். உன் வாயில் நான் ஒரு சொல்லை வைத்தால், அவள் அதை ஆயுள் முழுக்க வைத்துக்கொண்டிருப்பாள். அது உன்னுடையதாக இருக்காது.

"எனக்குத் தெரியல, காவ்யா" என்றேன் இங்கிலீஷில்.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நீ இடது கையால் உன் தொடையில் அடித்தாய், அடித்துக்கொண்டே இருந்தாய். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இருட்டும்வரை நாம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த மே மாதம் வந்தபோது ஒரு சாயங்காலம், ஜன்னலுக்கு வெளியே மரங்கள் துளிர்த்திருப்பதைப் பார்த்துவிட்டு, "ஏரி" என்றாய்.

செல்விக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏரியா? அந்தப் பேச்சையே எடுக்காதிய. ஒரு தடவை போயிட்டு வந்தது போதாதாக்கும்?"

முன்பென்றால் இரண்டே வார்த்தையில் அவளைச் சிரிக்க வைத்துச் சம்மதம் வாங்கியிருப்பாய். இப்போது உன்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாய், மறுநாளும் அப்படியே உட்கார்ந்தாய். செல்வி எனக்கு போன் செய்தாள். "கூட்டிட்டுப் போங்கண்ணே. சண்டை போட முடியாத மனுஷங்கிட்ட நான் ஜெயிச்சு என்ன செய்ய?"

அன்று நம்மைக் கரைசேர்த்த பெரியவருக்குப் பேசினேன். அவரிடம் தட்டையான பெரிய படகு ஒன்று இருந்தது, சுற்றிலும் கம்பி வைத்தது, நாற்காலி போடலாம். உடனே வரச் சொன்னார். காவ்யாவையும் அழைத்துக்கொண்டோம். வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். அம்மா முறைத்ததால் வந்தாள்.

தூண்டில்கழியை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டாய். ஆனால் தூண்டில் நரம்பை இழுக்கும் சக்கரத்தைச் சுற்ற இன்னொரு கை வேண்டும். நான் எழுந்தேன். நீ வேண்டாம் என்று தலையை ஆட்டி, காவ்யாவைப் பார்த்தாய். அவள் தயங்கித் தயங்கி உன் பக்கத்தில் வந்து நின்று, கைப்பிடியைப் பிடித்தாள்.

வெயில் மஞ்சளானபோது நரம்பு கனத்தது. நீ நிமிர்ந்தாய்.

"இழு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாய் திறப்பதற்குள் கழி வளைந்தது. அவளாகவே சுற்ற ஆரம்பித்தாள். மீன் ஆழத்துக்குத் திரும்பி ஓடியது.

"விடு!"

அவள் விடவில்லை. கைப்பிடி அவள் விரல்களைத் தட்டிவிட்டுப் பின்னோக்கிச் சுழன்றது. அவள் 'ஓ' என்றாள். அந்தச் சொல் அவளுக்குப் புரிந்துவிட்டது. "பைய," என்றாய் நீ. "பைய... பைய..." அவள் வேகத்தைக் குறைத்தாள். நரம்பு தளர்ந்து, இறுகி, தளர்ந்து, மீன் மெல்ல மேலே வந்தது. நான் வலையோடு நின்றேன். இருவருக்கும் மொழிபெயர்க்க அங்கே என்னிடம் ஒன்றும் இல்லை.

பெரியவர் அளந்து பார்த்தார். சட்டம் சொல்லும் நீளத்துக்கு இரண்டு விரற்கடை குறைவு. திரும்ப விட்டுவிட வேண்டும். காவ்யாவின் முகம் விழுந்துவிட்டது. நீ அதை வாங்கி, கம்பி வழியாகக் கையை விட்டுத் தண்ணீரில் பிடித்தாய். "போலே" என்றாய். மீன் போயிற்று. "போலே" என்றாள் காவ்யாவும். நீ சிரித்தாய். ஒருபக்கம் இழுத்துக்கொண்ட சிரிப்புதான், ஆனால் சத்தமான சிரிப்பு.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். செல்வி அவளை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்த்தாள். அங்கே அம்மா, ஆடு, இலை என்று எழுதச் சொன்னார்கள். உங்கள் இரண்டு பேருக்கும் வேண்டியது இழு, விடு, பைய. கொஞ்ச நாளில் நின்றுவிட்டாள். வீட்டில் நீ நாற்காலியில், அவள் அறையில். வருஷத்துக்கு ஒருமுறை மே மாதத்தில், அந்தப் படகில் மட்டும் உங்களுக்குள் பேச்சு இருந்தது. அடுத்த மே மாதமும் போனோம். "மேல", "நில்லு", "பாத்து" என்று இன்னும் சில சொற்கள் அவளுக்குச் சேர்ந்தன. அதற்கடுத்த மே மாதம் உனக்குக் கிடைக்கவில்லை.

பிப்ரவரியில் வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தபோது மூளையில் இரண்டாவது முறை அடைப்பு வந்தது. இந்த முறை தமிழும் போயிற்று. கண் மூடியே கிடந்தாய். மூச்சு மட்டும் பெரிதாக, விட்டு விட்டு வந்தது. காதில் விழும், பேசிக்கொண்டிருங்கள் என்று நர்ஸ் சொன்னாள். செல்வி பேசினாள். நான் ஏதேதோ உளறினேன். காவ்யா கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். ஏழாவது வகுப்புக்காரி, என் தோள் உயரம் வளர்ந்துவிட்டிருந்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, உன் இடது கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"அப்பா. பைய. பைய, அப்பா. மேல. நில்லு. இழு. பைய."

உன் மூச்சுக்கு ஏற்றாற்போல் சொன்னாள். வாசலில் நின்ற நர்ஸ், என்னிடம் அது பிரார்த்தனையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"விடு" என்றாள் காவ்யா. "விடு, அப்பா."

செல்வி பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். "அதைச் சொல்லாத கண்ணு. அது வேண்டாம்." காவ்யாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மீன் ஓடும்போது நரம்பை விடச் சொல்லும் சொல் என்றுதான் அவளுக்கு அது தெரியும். தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று என்னைப் பார்த்தாள். எனக்கு இரண்டு மொழியும் தெரியும். இரண்டிலும் அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. "யூ டிட்ன்ட் டூ எனிதிங் ராங்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் நீ போய்விட்டாய்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்று இருக்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை காவ்யா எனக்கு போன் செய்தாள். அவளாகச் செய்தது அதுதான் முதல்முறை. கொஞ்ச நேரம் சுற்றிவளைத்துப் பேசிவிட்டுக் கேட்டாள்:

"அங்கிள், வாஸ் மை டாட் ஃபன்னி?"

வீட்டுக்கு யார் வந்தாலும், 'அவர் இருந்தால் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிடும்' என்று அம்மா சொல்கிறாளாம். அவளுக்கு அப்படி ஒரு அப்பா ஞாபகமே இல்லையாம். எப்போதும் நிமிர்ந்து உட்கார்ந்து, ஹோம்வொர்க் முடித்தாயா என்று கேட்ட அப்பாவைத் தெரியும். பிறகு, பேச்சு வராத அப்பாவைத் தெரியும். அம்மா சொல்லும் ஆள் யார் என்று கேட்டாள்.

ஆமாம், உன் அப்பா மாதிரி சிரிக்க வைத்தவர் யாரும் இல்லை என்றேன். ஒன்று சொல்லுங்கள் என்றாள். பார்க்வே நெடுஞ்சாலையில் ஆபீஸ் போகும்போது, ஆளில்லாத சுங்கச்சாவடியின் டோல் கூடையில் காசைப் போட்டுவிட்டு, நீ அதனிடம் முகத்தை வெகு சீரியஸாக வைத்துக்கொண்டு பேசுவாயே, அதைச் சொல்லிப் பார்த்தேன். 'அண்ணாச்சி' என்பதற்கு இங்கிலீஷில் என்ன சொல்வது? பிரதர் என்றேன். பிரதர், உங்கள் சாலையை நாங்கள் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டோம் என்றேன். எனக்கே அசட்டுத்தனமாக இருந்தது. அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். என் மனம் நோகக்கூடாது என்பதற்காகச் சிரித்த சிரிப்பு.

"சாரி. இது இங்கிலீஷில் வரமாட்டேங்குது" என்றேன்.

"அப்போ தமிழிலயே சொல்லுங்க, அங்கிள். அப்பா சொன்ன மாதிரியே." இதைத் தமிழில் சொன்னாள், ஒவ்வொரு சொல்லாகக் கவனித்து. பிறகு இங்கிலீஷுக்கு மாறி, புரியாவிட்டாலும் பரவாயில்லை என்றாள்.

நான் மெட்ராஸ்காரன். உன் பேச்சு என் நாக்கில் வராது என்று நீயே எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறாய். ஆனால் வருஷக்கணக்காக உன் காரில் வந்தவன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, நீ இழுக்கும் இடத்தில் இழுத்து, நிறுத்தும் இடத்தில் நிறுத்திச் சொன்னேன்:

"அண்ணாச்சி, உங்க ரோட்ட நாங்க ஒண்ணும் தூக்கிட்டுப் போயிர மாட்டோம். சும்மா மேல ஓட்டிட்டு, சாயங்காலம் கொண்டாந்து இருந்த இடத்துலயே போட்டுருதோம். ஒரு கீறல் இருந்தா கேளுங்க!"



"இன்னொரு தடவை" என்றாள் காவ்யா.

சொன்னேன்.